பழைய தையல் இயந்திரம்: கம்பம் பள்ளத்தாக்கில் அதன் வரவும் பராமரிப்பும்

தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் தையல் பழகும் பெண்கள் பலர் முதன்முதலாக மிதிப்பது புது இயந்திரத்தை அன்று. தாயோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ மிதித்து விட்ட பழைய இயந்திரமே அவர்களுக்குக் கிடைக்கிறது. வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, கறுப்புத் தலை, பொன்னிறப் பூவேலை, தோல் பெல்ட் என அமைந்த கால்மிதி இயந்திரம் ஒரு தலைமுறையில் தேய்ந்து ஒழிந்துவிடுவதில்லை. அதனால் அது சீராகக் கொடுக்கப்படுகிறது, அடகு வைக்கப்படுகிறது, விற்கப்படுகிறது, மறுபடியும் விற்கப்படுகிறது. இவ்வாறு கைமாறி வரும் இயந்திரம் எந்தக் காலத்தது, எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு நாளை உதிரிபாகம் கிடைக்குமா என்பது தெரியும். வாங்குபவருக்கு அதன் வரலாறு வெறும் பழங்கதை இல்லை. அடுத்த பத்தாண்டுச் செலவுக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

பள்ளத்தாக்கும் தையல் வேலையும்

மேற்கே கேரளத்து ஏல மலைகளும் கிழக்கே மேகமலையும் நிற்க, நடுவில் முல்லைப் பெரியாற்று நீரில் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையே இதன் வேளாண்மையை மாற்றியது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 1928ல் இரயில் வந்தது. மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம் 1996ல் பிரிக்கப்பட்டு, 1997 சனவரி முதல் தேனி மாவட்டமாக இயங்குகிறது.

இங்கே பெண்களின் உழைப்பு பெருமளவு மலையை நோக்கியே போகிறது. விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கி ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். ஏலக்காய் விலை சரிந்தாலும் மழை பொய்த்தாலும் அந்த வேலை குறையும். முழங்கால் வலி வந்தவருக்கும், கைக்குழந்தை உள்ளவருக்கும், மலைக்கு அனுப்பப் பயப்படும் வீட்டுப் பெண்ணுக்கும் உள்ளூரில் இருக்கும் சில வழிகளுள் தையல் ஒன்று. ஒரு பழைய இயந்திரம் ஓடுவதும் ஓடாமல் நிற்பதும் அந்த வீட்டின் வாரச் செலவைத் தொடும் காரியம்.

தவணையில் வந்த பொருள்

பிரான்சில் தீமோனியே என்னும் தையற்காரர் 1830ல் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் படைவீரர் உடை தைக்கப் பயன்பட்டன. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிசுத் தையற்காரர்கள் 1831ல் அவற்றை அடித்து நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846லும் ஐசக் மெரிட் சிங்கர் 1851லும் காப்புரிமை பெற்றனர். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பிணைக்கும் தையல் அப்போது நிலைபெற்றது. இன்றுவரை கால்மிதி இயந்திரங்களில் ஓடுவது அதே தையல்தான்.

சிங்கர் நிறுவனம் உலகெங்கும் பரவியதற்கு இயந்திரத்தின் திறம் பாதிக் காரணம் என்றால், விற்ற முறை மறு பாதி. சிங்கரின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் 1856ல் தவணை முறையைக் கொண்டுவந்தார். சிறு தொகை கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தைத்துச் சம்பாதித்தே மீதியைக் கட்டலாம் என்பது அன்றைக்குப் பெரிய புதுமை. அவர் செய்த இன்னொரு காரியம் நம் பொருளுக்கு நெருக்கமானது. பழைய இயந்திரத்தைக் கொடுத்தால் புதியதற்கு விலைத் தள்ளுபடி உண்டு என்று அறிவித்தார். அவ்வாறு வந்த பழையவற்றைப் பழுது நீக்கி விற்காமல் உடைத்துப் போட்டது நிறுவனம். நன்றாக ஓடும் பழைய இயந்திரமே புதியதன் முதல் போட்டியாளர் என்பதைத் தயாரித்தவர்களே அப்போது உணர்ந்திருந்தனர்.

இந்தியாவில் 1870களில் இருந்து பம்பாய்ப் பார்சியரான நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் சிங்கர் முகவராக இருந்து விற்பனையை வளர்த்தார். கொழும்புப் புறக்கோட்டையில் சிங்கர் கடை 1877ல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஊர்களில் ஜவுளிக்கடை வாசலே தையற்காரரின் பட்டறை ஆயிற்று. துணி எடுத்தவர் அங்கேயே அளவு கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரரின் திண்ணை, தையற்காரரின் இயந்திரம் என்ற அந்த ஏற்பாடு கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் கடைத்தெருக்களில் இன்றும் முற்றாக மறையவில்லை.

இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது பலரும் அறிந்த செய்தி. 1924ல் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அப்போது சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன். இவரே பின்னர் 1947ல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து அன்றைய மதுரை மாவட்டத்துச் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு இரங்கியே சிங்கர் இதைச் செய்தார் என்று காந்தியடிகள் கருதினார். பல குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கொண்ட சிங்கரின் வாழ்க்கை அந்தச் சித்திரத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால், இப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலை அரசின் கையில் இருக்க வேண்டும் என்றும் அவர் அதே உரையாடலில் சொன்னது அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

சிங்கரிலிருந்து உஷா வரை

1930களின் நடுவில் கல்கத்தாவில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் உள்நாட்டிலேயே தையல் இயந்திரம் செய்ய முயன்றார். அந்த ஜெய் என்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்தை 1938ல் தில்லி ஆலை அதிபர் லாலா ஸ்ரீராம் ஏற்று நடத்த, உஷா என்ற பெயர் நாடெங்கும் பரவியது. விடுதலைக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு இயந்திர வரவு சுருங்கியது. உஷாவோடு, பஞ்சாபின் லூதியானாவில் பெருகிய சிறு பட்டறைகளின் இயந்திரங்களும் சந்தையை நிரப்பின. ரீட்டா அங்கிருந்து வந்த பெயர். மெரிட் என்ற பெயரோ சிங்கரின் நடுப்பெயரிலிருந்தே வந்தது.

உதிரிபாகக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. சிங்கரின் 15ஆம் வகை வீட்டு இயந்திரத்தை உலகப்போருக்குப் பின் ஜப்பானியர் அப்படியே பின்பற்றிச் செய்தார்கள். இந்தியத் தயாரிப்பாளர் பலரும் அதே வழியில் சென்றனர். விளைவாக, வட்டமான சிறு பாபின், அதைத் தாங்கும் பாபின் கேஸ், ஒரு பக்கம் தட்டையான காம்புடைய ஊசி ஆகியவை பெயர்ப்பலகை எதுவாயினும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அறுபது ஆண்டு பழைய இயந்திரத்துக்குச் சென்ற மாதம் செய்த பாபின் பொருந்துகிறது. தையல் இயந்திரம் போல் இத்தனை காலம் பாகம் மாறாமல் வந்த வீட்டுப் பொருள் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இதற்கு விலக்கானவை இரண்டு. முதலாவது, நீளமான பாபினும் படகு போன்ற ஷட்டிலும் உடைய பழைய சிங்கர். சிங்கரின் 27, 28, 127, 128 வகைகள் இதில் அடங்கும். இவை அழகாகத் தைக்கும். ஊசியும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஷட்டில் தொலைந்தால் உள்ளூர்க் கடையில் மாற்று கிடைப்பது அரிது. ஷட்டிலும் நான்கைந்து நீளப் பாபின்களும் சேர்ந்து வந்தாலொழிய தொழிலுக்காக இதை வாங்குவது சரியன்று. இரண்டாவது, திருப்பூர் போன்ற இடங்களின் ஆடைத் தொழிற்கூடங்களில் ஓடிக் கழிக்கப்பட்ட பவர் மெஷின். நிமிடத்துக்குச் சில ஆயிரம் தையல் போடக்கூடிய இவற்றுக்கு வட்டக் காம்பு ஊசி வேண்டும். தலைக்குக் கீழே உள்ள தொட்டியில் எண்ணெய் அளவு குறையாமல் பார்க்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டுமே ஓடும். நாளுக்கு நான்கு ரவிக்கை தைக்கும் வீட்டுக்குப் பவர் மெஷின் தேவையில்லை. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் நீண்ட மின்வெட்டில் கால்மிதி இயந்திரம் வைத்திருந்தவர்களே தீபாவளித் துணியைச் சொன்ன நாளில் கொடுத்தார்கள்.

பழைய சிங்கர் தலையில் பொறித்த வரிசை எண்ணைப் பார்த்தே அதன் காலத்தைக் கணிக்கலாம். எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து இருந்தால் அது 1900க்குப் பிந்தியது. 15 கே, 66 கே என வகை எண்ணோடு வரும் ‘கே’ எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். அந்த ஆலை 1980ல் மூடப்பட்டது. மூடிய ஆலையின் இயந்திரம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. வகை 15 என்றால் பாகம் கிடைக்கும். அஞ்ச வேண்டியது, வேறு தலைக்குக் கறுப்புச் சாயம் பூசி சிங்கர் பூவேலை ஒட்டி விற்பதற்குத்தான். சாயம் எண்ணின் பள்ளங்களுக்குள்ளும் திருகுகளின் மேலும் படிந்திருந்தால், அது அண்மையில் பூசியது.

அரசு கொடுத்த இயந்திரம்

1970களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டில் கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், வறிய பெண்கள் ஆகியோருக்குச் சமூக நலத்துறை இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வருகிறது. திட்டத்துக்கு, 1967ல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவுப் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது. முதலில் கால்மிதி இயந்திரமாக இருந்தது, பிறகு மோட்டார் பொருத்தியதாக மாறியது. சத்துணவு உண்ணும் மாணவர்க்கான சீருடையைத் தைக்கும் வேலையைப் பெறுபவை அதே துறையின்கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். வெட்டிய துணியைச் சங்கத்தில் வாங்கி வீட்டில் தைத்துக் கொடுப்பது உறுப்பினர் வழக்கம். 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை என்றானபோது இந்த வேலையும் கூடியது.

இயந்திரம் கொடுப்பதோடு நின்றுவிடுவது இத்தகைய உதவிகளின் குறை என்றே சொல்ல வேண்டும். ஒரு பாபின் கேஸ் தேய்ந்து, அது என்னவென்று தெரியாமலேயே மெஷின் சரியில்லை என்று மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்ட இயந்திரங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றுள் பல பின்னர் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன.

எந்த வீட்டிலிருந்து வருகிறது?

பழைய இயந்திரத்தை விசாரிக்கும்போது வயதைவிட அது இருந்த வீட்டைக் கேட்பது பயன் தரும். சீராக வந்து, மேலே பூச்செண்டும் தொலைக்காட்சியும் வைக்கப் பயன்பட்ட இயந்திரம் ஒரு வகை. அதன் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகி இருக்கும். சக்கரம் அசையவே மறுக்கும். பார்ப்பவர் கெட்டுப்போனது என்று விட்டுவிடுவார். உண்மையில் நல்ல விலைக்குக் கிடைக்கும் இயந்திரம் அதுவே. தையற்கடையில் முப்பது ஆண்டு ஓடியது இரண்டாம் வகை. ஊசிக்கு முன்னால் துணி உரசி உரசிப் பூவேலை முழுதும் அழிந்திருக்கும். அது குறையன்று, ஆனால் உள்ளே உலோகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். மூன்றாவது, தையல் பயிற்சி நிலையத்தில் இருந்தது. பல கைகள் பழகியதால் ஊசி குத்திக் குத்தி ஊசித் தட்டின் துளை சிதைந்திருக்கக் கூடும்.

பார்க்கும் முறை எளியது. முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்று முழுவதும் ஒரே சீராக இறுகினால் அது காய்ந்த எண்ணெய்; மண்ணெண்ணெயும் ஒரு பகல் பொழுதும் போதும். ஒரே இடத்தில் மட்டும் தட்டி நின்றால் ஷட்டில் குழியில் நூல் சிக்கியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு தண்டு வளைந்திருக்கலாம். அடுத்து ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென ஆடினால் அது தேய்மானம். இறுகிய இயந்திரத்தைச் சிறு செலவில் மீட்கலாம். ஆடும் இயந்திரத்துக்குச் செலவு ஓயாது. வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே எண்ணி, இலேசாக ஓடுகிறதே என்று தளர்ந்ததை வாங்கிவிடுகிறார்கள்.

தைத்துப் பார்க்கும்போது மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என நூல் போட்டு, மெல்லிய துணியில் ஒரு தையலும் நான்காய் மடித்த துணியில் ஒரு தையலும் போட வேண்டும். முடிச்சு துணிக்கு நடுவில் மறைய வேண்டும். கீழ்நூலின் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். அது திருகைத் திருப்பினால் தீரும். தையல் இடையிடையே விட்டுப்போனால் முதலில் புது ஊசி மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் விட்டால் ஷட்டிலின் முனை மழுங்கியிருக்கும். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால் அடியில் உள்ள பல் தேய்ந்தது. ஷட்டில், பல், பாபின் கேஸ் மூன்றும் மாற்றக் கூடியவை. வார்ப்பிரும்பு ஸ்டாண்டில் விரிசல் இருந்தால் மட்டும் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுவது நல்லது. வார்ப்பிரும்பில் பற்றவைப்பு எளிதில் நிற்காது.

பராமரிப்புக்கு ஒரு நாள்காட்டி

விலை பேசும்போதே முதல் சர்வீசுக்கான தொகையை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாங்கிய உடனே செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எண்ணெயிடல், புது பெல்ட், புது ஊசி, தேவையானால் பாபின் கேஸ். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை இயந்திரத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்த மெக்கானிக் சொல்வார். அவர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா, வீட்டுக்கு வருவாரா, தலையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோக வேண்டுமா என்பதும் வாங்கும் முன்னே தெரிய வேண்டியது. தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழக்கம் பல இயந்திரங்களைக் கெடுத்திருக்கிறது. மெஷின் ஆயில் தீர்ந்தால் சமையலறைத் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவது வழக்கம். ஊற்றிய அன்று நன்றாகவே ஓடும். ஆனால் அது நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசினாகிறது. மலையடிவார ஊர்களின் மார்கழிக் குளிரில் உறைந்தும் போகிறது. விளக்கெண்ணெயும் அவ்வாறே பிசுபிசுக்கும். நிறமற்ற மெஷின் ஆயில் தவிர வேறெதுவும் கூடாது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு போதும்; நாள் முழுவதும் தைப்பவர் தினமும் விட வேண்டும். விட்டபின் கழிவுத் துணியில் சிறிது தைத்து மிகுந்த எண்ணெயை வெளியேற்றினால் வாடிக்கையாளரின் துணியில் கறை படாது. ஊசித் தட்டைக் கழற்றிப் பற்களுக்கிடையே சேரும் பஞ்சைத் தூரிகையால் எடுப்பது வார வேலை. அந்தப் பஞ்சு எண்ணெயைக் குடித்துக் கட்டியாகிப் பல்லை மேலே எழவிடாமல் செய்யும்.

முழுச் சர்வீசுக்கு நாள் குறிக்க இப்பள்ளத்தாக்கின் வேலைக் காலங்களைப் பார்க்க வேண்டும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வருகிறது. அதைத் தொடர்ந்து பள்ளி திறப்பும் சீருடையும். எனவே மாசி, பங்குனியில் ஒரு முழுச் சர்வீஸ். ஆனி, ஆடியில் கணவாய் வழியே சாரல் அடிக்கும்போது தோல் பெல்ட் ஈரத்தில் தளரும்; சிறிது வெட்டி மீண்டும் கொக்கி போட்டால் சரியாகும். ஓடாமல் கிடந்தால் ஊசித் தண்டில் துரு ஏறும் காலமும் அதுவே. ஆவணிக்குள் ஷட்டில், பல், டென்ஷன் மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். ஐப்பசியில் தீபாவளி நெருக்கடி. அப்போது மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நமக்கு முன்னே பத்து இயந்திரங்கள் நிற்கும். தை பிறந்துதான் திரும்பி வரும்.

செலவுக்கு ஒவ்வொரு ரவிக்கைக் கூலியிலும் சிறு தொகையைத் தனி டப்பாவில் போட்டு வருவது தையற்காரப் பெண்கள் பலர் கைக்கொள்ளும் வழி. சீட்டுப் பணத்தோடும் குழுக் கடனோடும் அதைக் கலப்பதில்லை. இயந்திரத்தின் இழுப்பறையில் எப்போதும் இருக்க வேண்டியவை 14, 16 எண் ஊசிகள் சில, பட்டுக்கு 11, தடித்த துணிக்கு 18, கூடுதல் பாபின் கேஸ் ஒன்று, பெல்ட் ஒன்று, இரண்டு அளவில் திருப்புளி. அனுபவமுள்ளவர்கள் மாற்றிய பழைய பாகத்தையும் எறியாமல் அதே இழுப்பறையில் வைக்கிறார்கள். கடைக்குப் போகும்போது பெயர் சொல்லி விளக்குவதைவிட அந்தத் தேய்ந்த பாகத்தை எடுத்துக் காட்டுவது விரைவு; கடைக்காரர் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டே புதியதைத் தருவார். இயந்திரத்தை விற்கும் நாளில் இழுப்பறையைக் காலி செய்யாமல் அப்படியே கொடுப்பதும் இங்குள்ள பழைய தையற்காரரின் வழக்கம். வாங்க வருபவர் முதலில் திறந்து பார்ப்பதும் அந்த இழுப்பறையைத்தான்.